அமெரிக்கக் கட்டிலில் நாலு அங்குலம்

எந்த நாட்டுக்காரன் எத்தனை அங்குல நீளத்துக்குத் தூங்குவான் என்பது அந்தந்த நாட்டு அரசாங்கத்துக்கே தெரிந்திருக்காது. அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் இருக்கும் டேப்பு அக்காவுக்குத் தெரியும். வாசலில் டாக்சி நிற்கும், வெள்ளைக்காரர் இறங்குவார், அக்கா கையை நீட்டுவார். குலுக்குவதற்கு அல்ல, பாஸ்போர்ட் வாங்க. மற்ற ஹோம் ஸ்டேக்காரர்கள் போலீசுக்குக் காட்டப் பாஸ்போர்ட் கேட்பார்கள். அக்கா கட்டில் ஒதுக்கக் கேட்பார்.

அவருடைய நிஜப் பெயர் வாசல் போர்டில் இருக்கிறது. யாரும் படித்ததில்லை. அதே ஊர் ஷாதிபூரில் பல வருஷம் லேடீஸ் டெய்லராக இருந்தவர். கடையை மூடினாரே தவிர, கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது அக்கா, "தோள்பட்டை பதினாலு. பதிமூணு வெச்சுத் தெச்சிருக்கான், பாவி" என்பார்.

நான் திருச்சியிலிருந்து மாற்றலாகிப் போன அரசாங்க குமாஸ்தா. அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கணவரை செராங் அண்ணன் என்போம். தீவுகளுக்கிடையே ஓடும் போட்டை நடத்திச் செல்லும் செராங் வேலை. எந்த அலைக்கும் அசையாத மனிதர், அக்கா "என்னங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் ஆடுவார்.

அக்கா பிறந்தது நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில். அவருடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே இருந்தவரை அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். நாடு என்ற சொல்லைக் கேட்டாலே அக்கா டேப்பை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை, சிரிப்புதான் வந்தது.

ஹோம் ஸ்டேயின் முதல் விருந்தாளி ஒரு ஹாலந்துக்காரர். ஆள் தென்னை மரம். ஆறடிக் கட்டிலில் படுத்தார், கணுக்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் வெளியே தொங்கியது. மின்னி பே கொசுக்கள் அன்று பந்தி போட்டுச் சாப்பிட்டன. காலையில் அக்கா டீயோடு போய்த் தூக்கம் எப்படி என்று விசாரித்தார். மனுஷர் நல்லவர். நன்றாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுக் கட்டில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் என்றார். அக்கா முகம் செத்துவிட்டது.

"அளவெடுக்காம ஜாக்கெட் தெப்பாங்களா தம்பி? அளவெடுக்காம ஒரு மனுசனைப் படுக்க வெச்சுட்டேனே! ஷரம் கீ பாத் ஹை, வெக்கக்கேடு!"

அன்றைக்குப் பிடித்தது அளவுப் பைத்தியம். நாடு நாடாகக் கட்டில் அளவைத் தேடித் தரும் உத்தியோகம் எனக்கு. கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வராத காலம் அது; ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு நாடு என்று நடந்தது.

"இங்கிலாந்துல டபுள் கட்டில் நாலரை அடி அகலம், ஆறேகால் அடி நீளம்க்கா."

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான்."

"நம்மளை அத்தனை வருசம் ஆண்டுட்டு, நாலரை அடியிலயா படுத்தானுங்க? சரி, அமெரிக்கா?"

"பெரிசு, ஆறடி நாலு இஞ்ச் அகலம், ஆறடி எட்டு இஞ்ச் நீளம். ஆனா கலிஃபோர்னியாவுக்கு மட்டும் வேற. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி."

"ஒரே நாட்டுக்குள்ளயேவா? அந்த ஊர்க்காரன் வந்தா எடம் இல்லேன்னு ஹேவ்லாக் தீவுக்கு அனுப்பிருவோம்."

ஜெர்மனியில் ஒரே கட்டிலில் இரண்டு தனித்தனி மெத்தை, போர்வையும் தனித்தனி என்றபோது, "எதும் சண்டையா?" என்று கவலைப்பட்டார். ஜப்பானில் தரையில் மெத்தை விரித்துப் படுத்துக் காலையில் சுருட்டி வைப்பார்கள் என்றதும், "நம்மாளுங்கப்பா" என்று கண் கலங்கினார். இந்தியாவில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கடையில் ஆறடி, ஒரு கடையில் ஆறேகால், இன்னொன்றில் ஆறரை.

"நாம என்னைக்குத் தம்பி ஒரு அளவுல நின்னோம்? அந்தப் பழைய கட்டிலே கிடக்கட்டும், போதும்" என்று இந்தியாவை அதோடு முடித்தார்.

பெங்காலித் தச்சர் ஒருவர் வந்து, தேக்கு மாதிரி விலைபோகும் படாக் மரத்தில் கட்டில்களைச் செய்தார். அந்தமானில் படாக் கட்டிலுக்கு ஒரே ஒரு உபயோகம்தான் இருந்தது. மாற்றலாகும் அதிகாரிகள் அதை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோவார்கள். பதவிக்காலம் முழுக்க ஒரு ஃபைலை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தாதவர்கள், கட்டிலைக் கப்பலேற்ற ஒரே வாரத்தில் எல்லா அனுமதியும் வாங்கிவிடுவார்கள். அதே மரத்தில் அக்கா உலகத்தைச் செய்துவைத்தார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நாடு.

நாடு பிரிந்தால் தகராறு வராமல் இருக்குமா? பெட்ஷீட்டில் வந்தது. லீவு நாளில் விரிப்பு மாற்றுவது செராங் அண்ணன் பொறுப்பு. இங்கிலாந்து விரிப்பை அமெரிக்காவில் போட்டால் பள்ளிக்கூடப் பையனின் அரை டவுசர் மாதிரி ஏறி நிற்கும். அமெரிக்க விரிப்பை இங்கிலாந்தில் போட்டால் தரையைப் பெருக்கும். "நடுக்கடல்ல பாதை தெரியுது எனக்கு, இந்தச் சாதர்ல தலைமாடு எது கால்மாடு எதுன்னு தெரியலயே" என்று புலம்புவார்.

ஒரு முறை புதுமணத் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளை இங்கிலாந்து, பெண் ஜெர்மனி. அக்கா இரண்டு பாஸ்போர்ட்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றுவிட்டார். வெயிலில் ஜோடி வதங்கியது. கடைசியில் தீர்ப்பு வந்தது: முதல் ராத்திரி இங்கிலாந்தில், மறு ராத்திரி ஜெர்மனியில். "அந்தப் பொண்ணும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே" என்றார். நெருக்கியடித்து ஒரு ராத்திரி, நடுவில் பிளவோடு ஒரு ராத்திரி. தேனிலவை முன்கூட்டியே முடித்துக்கொண்டு அவர்கள் விமானம் ஏறினார்கள்.

இத்தனையும் அக்கா ஒரே ஒரு வார்த்தைக்காகச் செய்தார். காலை டீயோடு எல்லோரிடமும் கேட்பார்: "உங்க வீட்ல தூங்கின மாதிரி தூங்கினீங்களா?" ஒருவர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. கடல் அழகு என்பார்கள். தோசை அருமை, வைஃபை மோசம் என்பார்கள். அமெரிக்கர் ஒருவர், வீட்டில் சோபாவில்தான் தூங்குவேன், முதுகுவலி என்றார். ஜப்பான் பெண்ணோ, அவள் வீட்டில் தரையில் யாரும் படுப்பதே இல்லை, கட்டில்தான் என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப நீ என்ன ஜப்பான்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, அக்கா டீயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

செராங் அண்ணனுக்குப் பொறுமை போனது. "இந்த சீசன் முடியறதுக்குள்ள ஒருத்தர், ஒரே ஒருத்தர், வீட்ல தூங்கின மாதிரி இருந்துச்சுன்னு வாயால சொல்லட்டும். இல்லேன்னா தச்சனைக் கூப்புட்டு எல்லாக் கட்டிலையும் ஒரே அளவா அறுத்துருவேன். ஒரே சாதர், ஒரே வேலை."

"டீக் ஹை. அறுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெர்மனிக் கட்டிலின் காலைத் தடவிக்கொண்டு நிற்பதை நானே பார்த்தேன்.

அப்போதுதான் கேட்டேன், "நீங்க எந்த நாட்டுக் கட்டில்லக்கா படுக்கிறீங்க?" அக்கா படுப்பது சமையலறை ஓரம், பாயில். "எனக்கு எந்த நாட்டுல சைஸ் போட்டிருக்கான் தம்பி?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சீசனின் கடைசி வாரமும் வந்தது. யாரும் சொல்லவில்லை. மறுநாள் ரம்பத்தோடு வருவதாகத் தச்சர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கடல் கெட்டது. போட்டெல்லாம் நின்றது. கிளம்ப வேண்டிய விருந்தாளிகள் கிளம்பாமல் அறைகளில் அடைந்தார்கள். அமெரிக்க அறை மட்டும் காலி, அதற்குரியவர்கள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் செராங் அண்ணன் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து நனைந்தபடி வந்தார். பின்னால் ஒரு குடும்பம். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து ஊருக்குப் போகக் கிளம்பி, கப்பல் இல்லாமல் ஜெட்டியில் நின்றவர்கள். பிள்ளை பெற்றவள், அவளுடைய அம்மா, மாமியார், தங்கை, இரண்டு ஆண்கள், துணிக்குள் ஒரு சிசு.

"அமெரிக்கா புக் ஆயிருச்சுங்க" என்றார் அக்கா.

"அவன் ஹேவ்லாக்ல கெடக்கான். போட்டே ஓடல, நீந்தியா வரப்போறான்?"

"புக்கிங் புக்கிங்தான். கட்டில் அவங்க நாட்டுக் கட்டில்." சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் பிள்ளை பெற்றவளிடம் கையை நீட்டினார். பாஸ்போர்ட்டுக்கு அவள் எங்கே போவாள்? "நாங்க கச்சால்க்கா" என்றாள்.

அக்கா நீட்டிய கையை மடக்கவில்லை. "தோட்டத்துல எந்த டிவிசன்?" என்றார். அவள் சொன்னாள். அக்கா அமெரிக்காவைத் திறந்துவிட்டார்.

ஆண்கள் என் மாடிக்கு வந்தார்கள். கீழே, சாரலில் தரையெல்லாம் ஈரம். நாலு பெண்களும் குழந்தையும் கட்டிலில்தான் படுத்தாக வேண்டும். அக்காவின் பாயும் நனைந்துபோயிருந்தது. "நீங்களும் வாங்கக்கா" என்று இடம் விட்டார்கள். ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்த்ததில் குழந்தைக்கு இடமில்லை. அக்கா டேப்பை எடுத்தார்.

"எல்லாரும் குறுக்கத் திரும்பிப் படுங்க. அகலத்தை விட நீளம் நாலு இஞ்ச் ஜாஸ்தி, அது கெடைக்கும்."

வாசலில் நின்ற செராங் அண்ணன் சிரித்தார். "நாலு இஞ்ச்சுல என்னத்த வரும்?"

"பச்சப்புள்ள வரும்" என்றார் அக்கா.

காலையில் மழை விட்டிருந்தது. நான் கீழே வந்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் அது நடந்ததே இல்லை. செராங் அண்ணன்தான் டீ போட்டார். தச்சர் ரம்பத்தோடு வந்து படியில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு அக்கா வெளியே வந்தார். கன்னத்தில் யாருடைய வளையலோ பதிந்த தடம். அண்ணன் டீயை நீட்டி, வேண்டுமென்றே விருந்தாளியிடம் கேட்கிற பணிவோடு, "என்னம்மா, உங்க வீட்ல தூங்கின மாதிரி தூங்கினீங்களா?" என்றார்.

அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டீயைக் கையில் வாங்கியபடி அழுதார்.

"ஆமாங்க" என்றார். "எங்க தோட்டத்து லயத்துல, ஒத்தை ரூம்ல, அம்மா, சின்னம்மா, நாங்க எல்லாம் ஒரே வரிசையா கெடப்போம். அப்பிடியே தூங்கிட்டேன்."

"இது ஒன் வீடுதானேடி" என்றார் அண்ணன். பிறகு படியிலிருந்த தச்சரைப் பார்த்து, "தாதா, ரம்பத்தை எடுத்துட்டுப் போங்க. ஒருத்தர் சொல்லிட்டாங்க" என்றார்.

இத்தோடு திருந்தியிருப்பார் என்று நினைத்தால் உங்களுக்கு டேப்பு அக்காவைத் தெரியவில்லை. அடுத்த வாரமே தச்சரைத் திரும்ப வரவழைத்தார். சமையலறையை ஒட்டிய அறைக்குக் கச்சால் என்று பெயர். தச்சர் அகலம் கேட்டார். "வர்றவங்க எத்தனை பேரோ அத்தனை பேர் அகலம். அதுக்கு மேல நாலு இஞ்ச்" என்றார் அக்கா. எத்தனை பேர் என்று தச்சர் கேட்டார். "அது எனக்கு எப்படித் தெரியும்?" மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் சுவருக்குச் சுவர் ஒரே கட்டில். அதற்கு விரிப்பு அக்காவே ஒட்டுப்போட்டுத் தைத்தது. மடிக்க இரண்டு பேர் வேண்டும். செராங் அண்ணன் இன்றைக்கும் புலம்பிக்கொண்டே மடிக்கிறார்.

எனக்கு மாற்றலாகித் திருச்சிக்கு வந்தாகிவிட்டது. போன வருஷம் ஒரு வேலையாகப் போர்ட் பிளேர் போனேன். கேட்டிலேயே என் கை இந்தியப் பாஸ்போர்ட்டுக்காகப் பையைத் துழாவியது. அக்கா அதைத் தட்டிவிட்டு, ஆளில்லாமல் கிடந்த கச்சாலில் என்னைப் படுக்க வைத்தார். காலையில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "வீட்ல தூங்கின மாதிரி இருந்துச்சுக்கா" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க. வீட்லயும் இப்பிடியா குறட்டை விடுவீங்க?" என்றபடி டேப்பை எடுத்து என் வயிற்றைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். "தொப்பை வெச்சுட்டீங்களே தம்பி. இனி நாலு இஞ்ச் பத்தாது. தச்சனைக் கூப்புடணும்."

கூப்பிட்டிருப்பார். எனக்காக ஒரு கட்டிலை அகலப்படுத்த வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஜீவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதே, இங்கே என் ஆறேகால் அடியில் படுக்கும்போது எனக்குத் தூக்கம் வரப் போதுமானதாக இருக்கிறது.