ஷட்டவுன் சாரும் இடது கால் பூட்ஸும்

தன்னுடைய டீம் கோல் போட்டதற்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுத கோச் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் அவர் ஃபோர்மேனாக இருந்தார். உலகக் கோப்பையில் ஆடுகிற நாடுகளில்கூட அப்படி ஒரு பிறவி இருந்திருக்காது. இருந்திருந்தால் அந்த நாட்டில் கலவரம் வெடித்திருக்கும். எங்கள் ஊரில் கிட்டத்தட்ட வெடித்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சம்பளத்தன்று மட்டும்தான் கேட்க முடியும். மற்ற நாட்களில் அவர் ‘ஷட்டவுன்’. சுண்ணாம்புக் கல்லை வேகவைக்கிற கில்ன் என்ற ராட்சத உருளை இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதாவது அதை நிறுத்தி, ஆறவைத்து, உள்ளே இறங்கிப் பழுது பார்ப்பார்கள். அதற்குப் பெயர்தான் ஷட்டவுன். கில்ன் ஃபோர்மேனான எங்கள் ஆளுக்கு மனித குலத்தின் சகல வியாதிக்கும் அதுதான் மருந்து. பல்வலி என்று போனால், “அந்தப் பக்கத்துக்கு ரெண்டு நாள் ஷட்டவுன் குடுய்யா” என்பார். குவார்ட்டர்ஸில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் நடுவில் போய் நின்று, “ரெண்டு பேரும் வாய்க்கு ஷட்டவுன் எடுங்க. சூடு ஆறின அப்புறம் பேசிக்கலாம்” என்பார்.

ஒரு கல்யாணத்தில் நாயனக்காரர் மூச்சு வாங்குவதைப் பார்த்து இவருக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய், “போதும்ங்க, கொஞ்சம் ஷட்டவுன் எடுங்க” என்று தோளைத் தட்டிவிட்டார். நாயனம் நின்றது. தவிலும் நின்றது. சரியாக மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரம். கெட்டிமேளம் கொட்ட வேண்டிய இடத்தில் மண்டபமே நிசப்தம். மாப்பிள்ளை வெலவெலத்துப் போய்த் தாலியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். பெண்ணின் அம்மாவுக்கு மயக்கம் வந்துவிட்டது. இவரோ அந்த அம்மாளுக்கும் ஷட்டவுன்தான் தேவை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் ஹெல்மெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. சலூனில்கூட, “சுத்தி மட்டும் வெட்டு, போதும்” என்பாராம்.

எங்கள் ஆலைக் கால்பந்து டீமுக்கு இவர்தான் கோச். டீமில் பாதிப் பேர் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பத்துப் பையன்கள். நன்றாகப் பந்து ஆடுகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தினக்கூலிக்கு உள்ளே எடுக்கப்பட்டவர்கள். டீம் இருக்கும்வரை கேட் பாஸ் உண்டு. டீம் போனால் அதுவும் போச்சு. நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. டீமில் நிரந்தர மாற்று ஆட்டக்காரன். அதாவது, மற்றவர்கள் ஆடும்போது எலுமிச்சம்பழம் நறுக்கித் தருகிறவன்.

அந்த வருஷம் லீக்கில் எங்கள் டீம் அடிமட்டத்தில் கிடந்தது. கடைசி மேட்ச் ஒன்றுதான் பாக்கி. அதில் ஜெயித்தால் ஏ பிரிவில் ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் பி பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். ஜெனரல் மேனேஜர் ஷட்டவுனைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “பி பிரிவுல ஆடற டீம் கம்பெனிக்கு வேணாம். இறங்கினா கலைச்சிடுவோம்.”

இது இப்படி இருக்க, பெரம்பலூரில் நடக்கும் சுழற்கோப்பைப் போட்டி நெருங்கியது. அது சாதாரண வருஷமாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அரியலூரைத் தனி மாவட்டமாக ஆக்கி, நாங்கள் இனிப்பு சாப்பிட்ட வாயைக் கழுவுவதற்குள் அதைக் கலைத்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட வருஷம் அது. எங்களுக்குப் பொறுக்குமா? பஸ்ஸில் ஏறினாலே சண்டைதான்.

“எங்க ஊர்ல ரயிலு நிக்குது. உங்க ஊர்ல என்னங்க நிக்குது?”

“எங்க ஊர்ல கலெக்டர் நிக்கிறாருங்க.”

அதோடு எங்கள் ஊர்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

ஆலை யூனியன் செயலாளர் கலியமூர்த்தி கேட் மீட்டிங்கில் போனஸைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். “மாவட்டத்தத்தான் தூக்கிட்டுப் போயிட்டானுவ. அந்தக் கோப்பையத் தூக்கிட்டு வந்து நம்ம ரயிலடியில வச்சே ஆவணும்!” என்று முழங்கினார். இவ்வளவு பலமான கைதட்டல் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை.

கோப்பைக்கான முதல் மேட்ச் அன்று ஷட்டவுன் எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களின் பெயரைச் சொன்னார். கோல் கீப்பர், கேன்டீன் மாஸ்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து எடைமேடை ஆள், லேப்பில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கெமிஸ்ட் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் என் பெயரையும் சொன்னார். நறுக்கிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழம் கையிலிருந்து விழுந்துவிட்டது.

“சார், அப்ப செல்வம்?” என்றேன். செல்வம் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். பந்து காலில் பட்டால் அவனை நிறுத்த ஆள் கிடையாது.

“ஷட்டவுன்.”

“மத்தவங்க?”

“மொத்த லைனும் ஷட்டவுன். பெரம்பலூர் கிரவுண்டு பூராவும் சரளைக் கல்லு. இருக்கறதே பதினோரு நல்ல காலு ஜோடி. இங்க ஒருத்தன் முட்டியப் பேத்துக்கிட்டா லீக்ல யாருய்யா ஆடுவா? கோப்பை போனா பித்தளைதான் போவும். லீக் போனா பசங்களுக்குக் கேட் பாஸ் போயிடும். தோத்துட்டு சீக்கிரம் வூட்டுக்குப் போவோம், வாங்க.”

தோற்பதற்கென்றே தேர்ந்தெடுத்த டீம். அதிலும் நான் முதல் ஆளாக ஓடினேன், ஏனென்றால் எனக்கு ஆட இடம் கிடைத்ததே அதுதான் முதல் தடவை.

மைதானத்தில் இறங்கியதும் அடுத்த அதிர்ச்சி. எதிர் டீம் கோல் கீப்பரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால், அவர்கள் வந்த வேனின் டிரைவர்! காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. விசாரித்தால், அவர்களுக்கும் லீக்கில் அதே கதிதானாம். அவர்கள் கோச்சும் நல்ல ஆட்களையெல்லாம் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆக, தோற்பதற்கென்று வந்த இரண்டு டீம்கள் ஒரே மைதானத்தில். பந்து யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தது.

என்னுடைய டிராயர் நாடா அவிழ்ந்தது. கட்டுவதற்குக் குனிந்தேன். யாரோ அடித்த பந்து என் முதுகில் பட்டு, டிரைவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அந்த ஒரு கோலில் நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஷட்டவுன் ஹெல்மெட்டோடு தலையில் அடித்துக்கொண்டார். டொக் டொக்கென்று சத்தம் வந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

“யாருய்யா உன்னைய குனியச் சொன்னது?”

“நாடா அவுந்துருச்சு சார்.”

“அவுந்தா அவுந்துட்டுப் போவுது! அது உன் ஒருத்தன் மானம். இப்பப் பாரு, பசங்க பொழப்பு ஆடுது. ஜெயிச்சா அடுத்த மேட்ச் வரும். அதுக்கு ஊரே கெளம்பி வரும். ஊரு வந்தா செல்வத்த எறக்குன்னு கழுத்தப் புடிக்கும். எவன் வந்து பதில் சொல்றது?”

நான் முதுகைத் தடவிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மனசுக்குள் குஷியாகத்தான் இருந்தது.

அரையிறுதி அதைவிட மோசம். யாரும் கோல் போடாமல் பெனால்டிக்குப் போனது. கேன்டீன் மாஸ்டர் பயத்தில் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நடுவில் நின்றுவிட்டார். எதிராளிகளும் பதற்றத்தில் நேராகவே அடித்தார்கள். மாஸ்டருடைய தொந்தியில் பட்டுப் பட்டுப் பந்து திரும்பிப் போனது. கண்ணைத் திறந்தபோது அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். “எறக்கி வுடுங்கடா, அடுப்புல சாம்பார் இருக்கு” என்று கத்தினார். நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம்.

இறுதிப் போட்டி சனிக்கிழமை சாயங்காலம். எதிரே சாட்சாத் பெரம்பலூர் டவுன் டீம். லீக் கடைசி மேட்ச் ஞாயிறு காலை அரியலூரில்.

ஷட்டவுன் சொன்னபடியே ஊர் கிளம்பி வந்தது. அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வந்தன. ஜெனரல் மேனேஜர் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கலியமூர்த்தி மாலை வாங்கி வந்திருந்தார், கோப்பைக்குப் போட.

“சார், இன்னிக்கி ஒரு நாளு ஆடறோம் சார்” என்று செல்வம் கெஞ்சினான். “எங்க ஊரு சனம் பூராவும் வந்திருக்கு. நாங்க வெளிய நின்னா காறித் துப்புவாங்க சார்.”

“துப்பட்டும். தொடச்சுக்கலாம்.”

“அடி படாம ஆடறோம் சார்.”

“ஃபைனல்ல அடி படாம ஆடறவன் ஆட்டக்காரனே இல்லடா. நீ ஆட்டக்காரன். போயி உக்காரு.”

கலியமூர்த்தி விடவில்லை. “பசங்களா, நீங்க எறங்குங்கடா! இவரு யாரு தடுக்க?” என்று பைகளைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே சிலையாகிவிட்டார். செல்வத்தின் பையில் வலது கால் பூட்ஸ் மட்டும் இருந்தது. அடுத்த பையிலும் வலதுதான். அத்தனை பைகளிலும் வலதுதான். ஷட்டவுன் ஒரு சிமெண்ட் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பதினோரு பேரின் இடது கால் பூட்ஸும் அதற்குள் இருந்தது.

இப்படியும் ஒரு மனுஷன் செய்வானா? நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பார்த்தார்கள். சாக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாக்கோடுதான் வருவேன் என்றார். அதற்குள் விசில் அடித்துவிட்டது. நாங்களே இறங்கினோம்.

ஆறு கோல் வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் பெரம்பலூர்க்காரர்கள், “ரயிலு வருது, வழி வுடு!” என்று கூவினார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் கோபம் எங்கள் மேல் வரவில்லை, முழுக்க ஷட்டவுன் மேல்தான். தக்காளி வந்தது, செருப்பு வந்தது. எல்லாம் ஹெல்மெட்டில் பட்டு விழுந்தன. அவர் அசையவில்லை. “துரோகி” என்று ஒருத்தர் கத்தினார். அது மட்டும் ஹெல்மெட்டைத் தாண்டி உள்ளே போனது எனக்குத் தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது.

ஜெனரல் மேனேஜர் எழுந்து வந்தார். “கம்பெனி மானத்த வாங்கிட்டீங்க. இனிமே நீங்க கோச் இல்ல.”

“சரிங்க சார். நாளைக்குக் காலையில ஒரு மேட்ச் இருக்குங்க. அது முடியிற வரைக்கும் மட்டும் இருந்துக்கறேங்க.”

அவர் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார். ஷட்டவுன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அரியலூர் மைதானத்தில் எங்களைத் தவிர இரண்டு ஆடுகள்தான் பார்வையாளர்கள். சாக்கைக் கொட்டியதும் புதுக் கூத்து. எது யாருடைய பூட்ஸ் என்று அவர் அடையாளம் வைக்கவில்லை. “மெஷின்னா நம்பர் போட்டுருப்பேன்டா” என்று முனகினார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார். கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். செல்வத்துக்கு வலது காலில் தன்னுடையது, இடது காலில் யாரோ ஒரு பெரிய கால்காரனுடையது. ஓடும்போது அது தனியாக ஓடியது.

இருந்தாலும் ஓய்வெடுத்த கால்கள் அல்லவா? எதிராளிகள் களைத்துப்போன பிற்பாதியில் எங்கள் பையன்கள் அப்போதுதான் வந்த மாதிரி ஓடினார்கள். முடியப்போகிற நேரத்தில் செல்வம் ஓங்கி உதைத்தான். பந்து ஒரு பக்கமும் பூட்ஸ் ஒரு பக்கமும் பறந்தன. கோல் கீப்பர் பூட்ஸைப் பிடித்தார். பந்து உள்ளே போனது.

ஏ பிரிவில் தங்கிவிட்டோம். டீம் கலையாது. பையன்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஷட்டவுன் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றார். செல்வம் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அவரிடம் போனான்.

“சார், ஒண்ணு கேக்கவா? நேத்து நாங்க ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமா?”

தோற்றிருப்பீர்கள் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பெரம்பலூர் ரோட்டைப் பார்த்தார்.

“ஜெயிச்சிருப்பீங்கடா. நல்லாவே ஜெயிச்சிருப்பீங்க.” ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். “நானும் அரியலூர்க்காரன்தான். ரயிலடிக்குப் பின்னாலதான் எங்க வூடு. எனக்கு மட்டும் அந்தக் கோப்பைய அங்க வச்சுப் பாக்கணும்னு ஆச இருக்காதா?”

செல்வம் அழுதுவிட்டான். இவ்வளவு ஆசையை ஒரு மனிதர் சாக்கு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து அமுக்கி வைத்திருந்தார் என்பது எங்கள் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அவருக்கு வார விடுமுறை. காலை ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே வரும் நேரம், டைம் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து போனார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. செல்வமும் மற்ற பையன்களும் பாஸைக் காட்டிவிட்டு ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். கடைசிப் பையன் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்து அப்படியே வைத்துவிட்டு நடந்து போனார். ஓடிப்போய் அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.