முதல் லோடு

எங்கள் குடும்பத்தில் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். கல்யாணமாகி ஏன் இன்னும் விசேஷம் இல்லை என்று பந்தியில் வைத்தே கேட்கலாம். எடை எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்து விமானம் ஓட்டப் படித்தவன் நான்.

சின்ன விமானம் எவ்வளவு தூக்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு வரம்பு. மொத்தம் சரியாகவே இருந்தாலும், பாரமெல்லாம் பின்னால் போய்விட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும். வானத்தில் அப்படி ஆனால் கதை முடிந்தது. அதனால் ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாவற்றையும் கணக்குப் போட்ட பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். பயிற்சிப் பள்ளியில் இந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். (சிரிக்காதீர்கள்.)

லைசென்ஸ் வந்ததும் முதலில் யாரை ஏற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவின் அண்ணன், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் மாமாதான். “பஸ்ஸு ஓட்டுனாலாவது பென்சன் வரும்” என்று அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது, திண்டுக்கல்லுக்கு வந்து, எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து, அவரைச் சம்மதிக்க வைத்தவர். பதிலுக்கு என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். “மாப்ள, நம்ம சனம் இருக்கற பூமிய மேல இருந்து ஒருக்கா பாக்கோணும். நீதான் கூட்டிட்டுப் போகோணும்.”

கணக்குக்காக அவர் எடை வேண்டும். போனில் சுற்றி வளைத்து, “உடம்பெல்லாம் எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டேன். “நல்லா இருக்குதுடா” என்றார். எழுபத்தைந்து கிலோ என்று எழுதிக்கொண்டேன். (மாமா ஏறினால் ஷேர் ஆட்டோ ஒரு பக்கம் சாயும். அதைப் பலமுறை பார்த்தவன் நான்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் நிறையச் சொந்தக்காரர்கள் பயிற்சி மைதானத்தில் வந்து இறங்கினார்கள். கூடவே இரண்டு மூட்டைகளும் இறங்கின.

“என்ன மாமா இது?”

“சேனைக்கிழங்கு.”

“எனக்குச் சொல்லிக்குடுத்த கேப்டனுக்கா?”

“அவருக்குத் தனியா வெச்சிருக்கறேன். இது லோடு.”

“எங்க போற லோடு? நாம மேல போயி ஒரு சுத்து சுத்திட்டு இதே எடத்துலதான எறங்கப் போறோம்?”

“எங்க எறங்குனா என்னடா? முதல் ஓட்டம், வெறும் வண்டியா எடுக்கக் கூடாது. நம்ம மண்டியில எந்தப் புது லாரியும் அப்படிக் கெளம்புனதில்ல.”

சாமான் அறைக் கதவில் ஒட்டியிருந்த எடை வரம்பைக் காட்டினேன். மாமா அதைப் படித்துவிட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“லாரியிலயுந்தான் எழுதியிருக்குது. எழுதறவன் எப்பவும் பாதிதான் எழுதுவான்.”

“இது லாரி இல்ல மாமா.”

“அதத்தான் நானும் சொல்றேன். லாரின்னா குழியில எறங்கி ஏறோணும். மேல குழி ஏது?”

(இதற்குப் பதில் ஒரு புத்தகம் முழுக்க இருந்தது. ஆனால் எதிரே நின்றது மாமா.) மூட்டைகள் பின்னால் சாமான் அறையில் ஏறின. போட்டோ எடுத்து முடித்ததும் அவற்றை நைசாக இறக்கிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமாவும் அத்தையும் பின் இருக்கையில் அமர்ந்தார்கள். முன்னால் யாரும் இல்லை. சித்தி மகள் போனைத் தூக்கிக்கொண்டு, “அண்ணே, கொஞ்சம் ஸ்டைலா நில்லுங்க” என்றாள். கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, வாலில் இருக்கும் சின்ன இறக்கைமேல் எக்கி உட்கார்ந்தேன். பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவன் செய்கிற வேலையா அது?

வழுக்குகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன் சக்கரம் அந்தரத்தில் நின்றது. ‘டங்’ என்று வால் தரையில் முட்டியது.

“ஏறிருச்சு! ஏறிருச்சு!” என்று வேன் கூட்டம் கை தட்டியது. யாரோ அவசரமாகத் திருஷ்டிப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்கள். உள்ளேயிருந்து மாமாவின் குரல் கம்பீரமாக வந்தது. “மாப்ள, சத்தமே இல்லாம எடுத்துட்டியேடா!”

மாப்பிள்ளை வெளியே வாலில் உட்கார்ந்திருந்தான். குதித்தால் மூக்கு தடாலென்று விழும். கூலிங் கிளாஸைக்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தேன்.

கேப்டன் ஓடி வந்தார். “யாரும் அசையாதீங்க!” நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்ள, முதலில் மூட்டைகள், பிறகு அத்தை, பிறகு மாமா, கடைசியாக நான். கேப்டன் என் எடைக் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

“எழுபத்தஞ்சு கிலோவா? சார், உங்க எடை என்ன?”

“அதெல்லாம் எதுக்குங்க?” என்றார் மாமா.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. “எழுபத்தஞ்சு எங்க கல்யாணத்தப்ப இருந்ததுங்க.”

விமானம் பரிசோதனைக்குப் போனது. நான் திரும்பவும் அதே பாடத்தில் பரீட்சை எழுதப் போனேன். மாமா பறக்காமலே ஊருக்குப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்ற மனிதரை, நான் உயர்த்தியது இரண்டு மூன்று அடிதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாலும், “பாத்து, மூக்கு தூக்கிரும்” என்று ஒரு குரல் வரும். என் கல்யாண மேடையில் உட்காரும்போதும் வந்தது.

போன வருடம்தான் மாமா முதன்முதலாகப் பறந்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு, நான் துணை விமானியாக இருந்த பெரிய விமானத்தில். கவுண்டரில் பையை எடை போட்ட பெண்ணிடம், “செத்த இருங்க” என்று சொல்லிப் பையை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே மேலே ஏறி நின்றாராம். பின்னால் வரிசையே பார்த்துக்கொண்டிருந்ததாம்.

“நூத்தி ஆறுங்க. நல்லா எழுதிக்குங்க. ஓட்டறது எங்க மாப்ள. அவன் வாயத் தொறந்து கேக்க மாட்டான்.”

சென்னையில் இறங்கும்போது விமானி அறை வாசலில் நின்றிருந்தேன். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“லோடு எறக்கியாச்சு மாப்ள.”