ஏலராணிக்கு ஓலை வாசித்த விவரம்

பீர்மேடு,
திங்கள் காலை.

மரியாதைக்குரிய மச்சான் ஏசுதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சகாயம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மழையும் சுகம். பாலக்காட்டில் நீங்களும் அக்காவும் வெயிலும் சுகம்தானே?

நேற்று சாயங்காலம் போன் செய்து, "என்ன மாப்ள, மிஷினுக்குக் கோயில்ல வச்சுக் கல்யாணமாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. போனில் விளக்கினால் நடுவில் சிரிப்பீர்கள். ஆகவே எழுதி, போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன். கடைசி வரை படித்த பிறகு சிரியுங்கள்.

உங்கள் மருமகள், எங்கள் மகள் டின்சி கொச்சியில் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறாள் அல்லவா, அதில் ஒரு ஏஐ ஏஜெண்டு செய்திருக்கிறாள், பெயர் ஏலராணி. எங்கள் சிறு விவசாயிகள் சங்கத்து ஏலக்காய்க்கு வாங்குகிறவர்களோடு அதுவே பேசி, விலை படியவைத்து, பணத்தைத் தன் வாலெட்டில், அதாவது டிஜிட்டல் பணப்பையில், வாங்கி நமக்கு அனுப்பிவிடும். ஆனால் ஆளும் இல்லாமல் முகமும் இல்லாமல் ஒன்று வந்து கை நீட்டினால், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எவனும் கேட்கத்தானே செய்வான்? அதற்கு பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் சாட்சியம் வேண்டுமாம். 'இந்த வாலெட் இந்த ஏஜெண்டுடையது, இதற்கு நாங்கள் பொறுப்பு' என்று சங்கத்தில் மூன்று பேர் போனில் கையொப்பம் போட வேண்டும். போட்டால் உலகமே பார்க்கலாம், அழிக்க முடியாது, வேண்டாமென்றால் ரத்து என்று பக்கத்தில் எழுதத்தான் முடியும். திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் சாட்சியம் வராவிட்டால் முதல் ஆர்டர் போய்விடும், அது போனால் கம்பெனியும் போய்விடும் என்று டின்சி போனில் அழுதுவிட்டாள். பெற்ற வயிறு கேட்குமா? கேட்காது. எனக்கும்தான் கேட்கவில்லை.

அழிக்க முடியாத சாட்சி என்றதும் சங்கத்தில் ஒருவனும் விரலை நீட்டவில்லை. சரி, ஊரறியச் சொல்லிவிடுவோம் என்று பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பாக வாசிக்க உபதேசியார் நல்லமுத்துவிடம் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கல்யாணத்துக்கு முன் தடை உண்டா என்று கோயிலில் கேட்கும் ஓலையை முப்பது வருஷமாக வாசித்துப் பழகிய வாய். "கொச்சியில் வசிக்கும் டின்சி என்பவரின் ஏலராணிக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள், அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று அதே ராகத்தில் இழுத்துவிட்டார். மாப்பிள்ளை பெயரே வரவில்லையே என்று பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. உங்களுக்குச் செய்தி சொன்னது அந்தப் பக்கம்தான்.

அப்போது நம் சங்கத்து ஜின்சன் எழுந்து நின்றான், மச்சான். கையில் போன்.

"தடை இருக்குவே. இதுக்குப் போன மாசமே குமுளி சங்கத்துல சாட்சியம் ஆயிருக்கு. இங்க பாரும்!"

"அப்ப ரெண்டாந்தாரமா?" என்று யாரோ கேட்க, சாமியாரே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். கோயில் வாசலில் நின்று டின்சிக்குப் போன் போட்டோம், ஸ்பீக்கரில்; ஜின்சனே கேட்டான்.

"ஐயோ ஜின்சன் அங்கிள், அது ட்ரையலுக்குப் போட்டது. ரத்து பண்ணச் சொல்ல மறந்தே போச்சு!"

இதை மட்டும் வாங்குகிறவர்கள் பார்த்திருந்தால் கதை கந்தல். டின்சி சொல்லி, குமுளிக்காரர்கள் பத்தே நிமிடத்தில் ரத்து எழுதிவிட்டார்கள். பிறகு பார்க்க வேண்டுமே! "ஓலையில பாஸான புள்ளைக்குச் சாட்சி போட என்ன பயம்?" என்று ஜின்சனே முதலில் முன்வந்தான். வாலெட் முகவரியை நான் வாட்சப் குரூப்பில் அனுப்பினேன், ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள், மூன்று கேட்ட இடத்தில் நாற்பத்து மூன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகளுக்காக ஒரு கோயிலே கையொப்பம் போட்டது, மச்சான். இனி நீங்கள் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. தேவமாதா உங்கள் குடும்பத்தைக் காப்பாளாக.

உங்கள் அன்பு மாப்பிள்ளை,
சகாயம்

பி.கு.: மணி பதினொன்றரை. மேலே எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். சங்கச் செயலாளர் ஜிஷா ஓடி வந்தாள். கையொப்பம் போட நான் போனில் எனக்கென்றும் ஒரு வாலெட் திறந்திருந்தேன், ஏலராணியுடையது என்று குரூப்பில் அனுப்பியது அந்த முகவரியாம். ஏலராணிக்கு ஜின்சனும் ஜிஷாவும் நானும் சரியாகப் போட்டுவிட்டோம், ஆர்டரும் உறுதியாகிவிட்டது, கர்த்தருக்கு நன்றி. ஆனால் நான் டின்சி செய்த மிஷின் என்று நாற்பத்து மூன்று பேர் உலகறியச் சாட்சி சொன்னது அப்படியே நிற்கிறது. ஒவ்வொருவராகப் பார்த்து ரத்து பண்ணச் சொல்லப் புறப்பட்டேன். உங்கள் தங்கை வழிமறித்தாள்.

"எதுக்கு ரத்து? மக சொல்லுததை அப்படியே செய்யுத மிஷினு நீங்கதானே? போனைக் குடுங்க, நானும் போடுதேன்."

இப்போது நாற்பத்து நான்கு.