எங்கள் வாசலில் பெரட்டு

பெல்மதுளை,
புதன்கிழமை இரவு.

அன்பு மகள் சுகந்தினிக்கு,

உன் அப்பாவின் வலக்கை நீங்கலாக இங்கு யாவரும் நலம். உன் கோபம் நீங்கலாக அங்கும் யாவரும் நலமென நம்புகிறேன். தொலைபேசியில் நீ என்னைப் பேச விடாததால் எழுதுகிறேன்.

"தோட்டத்துப் பொம்பளைங்க அப்பாவ வச்சு வெளையாடுறாங்க, நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களேம்மா?" என்று கேட்டாய். உனக்கு யாரோ அனுப்பிய வீடியோ ஒரு நிமிடம். அதற்கு முந்திய மூன்று மாதங்களை எவரும் படம் பிடிக்கவில்லை. பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோனபின்னும் அவருக்குப் பேச முடிந்தது; பேசத்தான் மனமில்லை. பயிற்சி கொடுக்க வரும் தனுஜா, கையை இப்படியே விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று எச்சரித்து, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்து தந்தாள். அதை அவர் இடக்கையால் பூனைக்கு உருட்டிவிட்டார். நானும் குழந்தையிடம் பேசுவதுபோல் குழைந்து பேசினேன். நாற்பத்தெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில் அப்படிப் பேசியறியேன். தமக்கு முடிவு நெருங்கிவிட்டதென்றே மனிதர் எண்ணியிருக்க வேண்டும்.

போன வாரம் திங்கட்கிழமை கருப்பாயி வந்தாள். உன் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்த முப்பது வருடமும் அவரிடம் கொழுந்து பறித்தவள்; காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வராதவள். நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், கூடையோடு அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, பெரட்டு முடிஞ்சிருச்சுங்களா? கொழுந்தெடுக்க எனக்கு எந்த மலைங்க?"

அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டீங்களா? சரி, அப்ப நானே புடிச்ச மலைக்குப் போறேன். முத்துன எலையா அள்ளிப் போட்டாலும் இனி யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்டி!"

மூன்று மாதத்தில் அதுதான் முதல் வாக்கியம். வாய் கோணியிருந்தது, அதிகாரம் கோணவில்லை.

மறுநாள் அந்தோனியம்மாவும் சேர்ந்தாள். இப்போது ஏழு கிழவிகள். வேண்டுமென்றே பிந்தி வந்து, திட்டு வாங்கி, சிரித்து, என் தேநீரையும் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

சிரிப்பு நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அடைபட்ட இரத்தக்குழாய்க்குக் கருப்பாயியின் கேலி விளங்காது. ஆனால் நாமெல்லாம் ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் கணக்கப்பிள்ளையிடம் பேசினாள். அந்த விளையாட்டில் அவளுக்கும் ஏதோ ஆறுகிறது என்று நினைக்கிறேன். முப்பது வருடம் யார் முன்னால் தலைகுனிந்து நின்றாளோ, அவர் முன்னாலேயே நின்று, இன்று வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த தத்துவத்தில் இதற்குப் பெயர் இல்லை.

ஆயினும் கை அசையவில்லை; மறுக்கவில்லை. சனிக்கிழமை வந்து நிறுத்தப்போவதாகச் சொன்னாய். வந்து அவர்களிடம் நீயே சொல். குடும்பத்தின் கண்ணியம் கருதி நான் இந்தக் கூத்தில் கலந்துகொள்வதில்லை என்பதையும் அறிந்துகொள்.

உனக்கும் மருமகன் கிருஷாந்துக்கும், கேட்காவிட்டாலும், எங்கள் ஆசிகள்.

அம்மா,
விஜயகலா.

பி.கு.: உறையை ஒட்டுமுன், இன்று வியாழன் காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தோனியம்மாவின் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு நானும் வரிசையின் கடைசியில் நின்றேன். "லேட்டா வந்தவளுக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போ!" என்று உன் அப்பா எனக்கு வழி காட்டினார். வலக்கையால். நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குக் கை எழுந்திருக்கும். என் வீட்டு வாசலில் நிற்பவள் எந்த வீட்டுக்குப் போவது? சமையலறைக்குப் போய்ச் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.