கூடாரம் போடுவதற்கு முன் ஒரு கூட்டம்

மனிதர்களில் பயணம் போகிறவர்கள் என்று ஒரு வகை, வீட்டோடு கிடப்பவர்கள் என்று ஒரு வகை. இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதற்கு நான் ஏற்பாட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் சம்பந்தி வீட்டில் இன்னொருவர் இருப்பார். கண்டுபிடிப்பது மிக எளிது. நாலு பேர் இருக்கும் இடத்தில், "எங்கேயாவது போய்ட்டு வரலாமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் "எங்கே?" என்பார்கள். நாலாவது ஆள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். அவர்தான்.

எனக்கு இந்த வகையில் முதல்தரமான ஒருவரைப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும் பாக்கியம் வாய்த்திருக்கிறது. நான் மாடியில் குடியிருக்கிறேன், அவர் கீழ்வீட்டில். நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். அளந்து பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை. புதிதாக ஒரு கட்டில் வாங்கினாலும் கடைக்காரர் சொன்ன நீள அகலத்தை ஒரு முறை தானே அளந்து, கடைக்காரர் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் லேசாக முகம் வாடுவார்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் ஒரு குடா இருக்கிறது. கடல் அங்கே வளைந்து உள்ளே வந்து, அடங்கிக் கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதுவும் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். கரையில் கூடாரம் போட்டு ஓரிரவு தங்கிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். சர்வேயரின் மகள் ஏழு வயதில், பள்ளித் தோழி ஒருத்தி அப்படிப் போய்வந்த கதையைக் கேட்டுவிட்டு வந்து, "அப்பா, நாமளும் மணல்ல டென்ட் போட்டுப் படுக்கலாமா?" என்று கேட்டாள்.

"படுக்கலாமே. ஆனா எதையும் முறையா பண்ணணும்" என்றார் அப்பா.

அந்த 'முறையா' முடிவதற்குப் பத்து வருடம் போதவில்லை. முதல் வருடம் எந்த மாதத்தில் காற்று குறைவு என்று ஆராய்ந்ததில் அந்த மாதம் போய்விட்டது, இரண்டாம் வருடம் கூடாரம் வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று முடிவாகவில்லை, மூன்றாம் வருடம் வாங்கிய கூடாரம் மூன்று பேருக்கானது என்றாலும் ஒருவர் புரண்டு படுப்பதற்கான இடத்தை அதில் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரியவந்தது, நாலாம் வருடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்து பேருக்கானதை வாங்கினார், ஐந்தாம் வருடம் மூன்று பேர் மட்டும் போனால் ஐந்து பேர் கூடாரம் வீணாகிறதே என்று துணைக்கு ஆள் தேடத் தொடங்கினார். அந்தத் தேடலில் அகப்பட்டவர்கள் இருவர். ஒருவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். இன்னொருவன் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைக்கும் நான். மாடிப்படியில் ஏறும்போது பிடித்துக்கொண்டார்.

பிறகும் ஐந்து வருடம் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். கோப்பு இருக்கிறது, வேண்டுமானால் அவரே காட்டுவார்.

இந்த வருடம் அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்தாள். தூரத்து நகரம் ஒன்றில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி விடுதிக்குப் போகவேண்டும். சர்வேயரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அதிகம் பேசாதவர். அவரே வாய் திறந்து, "இந்த வருஷமும் கூட்டிட்டுப் போகலேன்னா இனிமே அவளை நாம கூட்டிட்டுப் போக முடியாதுங்க. அவளா போனாத்தான் உண்டு" என்றார். சர்வேயர் தலையாட்டிவிட்டு அன்று மாலையே கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினார்.

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பொறுப்பு. எனக்குத் தீப்பெட்டி. நீங்கள் சிரிக்கலாம், ஆனால் தீப்பெட்டிக்குத் துணைப் பொறுப்பாளராக மருந்துக்கடைக்காரரும் நியமிக்கப்பட்டிருந்தார். அவருடைய சொந்தத் துறை முதலுதவி. அதற்குத் துணைப் பொறுப்பாளர் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். கடிகாரத்து முள்ளைத் தவிர வேறொன்றும் தெரியாத என்னிடம் யாரும் அடிபட்டு வந்துவிடக் கூடாதே என்று கவலையாகத்தான் இருந்தது. நிஜமான நர்ஸுக்கு என்ன பொறுப்பு? குடிதண்ணீர்.

பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள். விசில் ஒன்று, அது கேட்காத பட்சத்தில் இன்னொரு விசில். மண்வெட்டி இரண்டு. "ரெண்டு எதுக்கு சார்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். "ஒண்ணு மண்ணுக்குள்ள புதைஞ்சு போச்சுன்னா, அதைத் தோண்டி எடுக்க" என்றார் சர்வேயர். மருந்துக்கடைக்காரர் அதன்பிறகு எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

ஒத்திகை அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சோபாவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, மேசையைச் சமையலறைக்குத் தள்ளி, எங்கள் இருவரையும் குனியவைத்துக் கூடாரத்தை எழுப்பினார். பதினெட்டு நிமிடம். கைதட்டப் போனேன். "இருங்க, காத்தே இல்லாத இடத்துல போட்டா அது ஒரு கணக்கா?" என்று மின்விசிறியை ஐந்தில் வைத்தார். கூடாரம் ஒரு பக்கமாக எழும்பிச் சென்று டிவியின் மேல் விழுந்தது. மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருடத்தில் அந்தக் கூடாரத்துக்குள் அவள் இருந்தது ஒத்திகைகளில் மட்டும்தான், அதுவும் எடைக்காக.

அடுத்து நாள் குறிக்கும் வைபவம். சனி ஞாயிறு கூட்டம் வரும், ஆகவே கூடாது. திங்கட்கிழமை முந்தின கூட்டம் போட்ட குப்பை இருக்கும். நிலா, நீர்மட்டம், காற்று எல்லாம் பார்த்து, தேதியை மூன்று முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி தன் டியூட்டியை வேறு யாரிடமாவது மாற்றிக்கொண்டு வந்தார். அப்படி மாற்றிக்கொடுத்தவர்களுக்குப் பதிலாக இவர் போய் வேலை பார்த்துவிட்டு, கண் சிவந்து காலையில் வீடு திரும்புவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் வியாழனும் வெள்ளியும் என்று முடிவானது. ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால். எல்லா அலுவலகங்களும் நடக்கிற நாளில்தான் கடற்கரை காலியாக இருக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அருமையான கண்டுபிடிப்பு என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

புதன்கிழமை மாலை இறுதிக் கூட்டம். ஆளுக்கொரு கோப்பு, பதினான்கு பக்கம். சுவரில் குடாவின் வரைபடம், அவரே வரைந்தது. அதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அபாரமான வரைபடம். கூடாரம் போடும் இடம், அதிலிருந்து தண்ணீர் எத்தனை அடி, குழாய் எத்தனை அடி, கட்டுமரங்கள் நிற்கும் இடம், தேநீர்க் கடை, அதன் பின்பக்கம் படுத்திருக்கும் நாய்கள்வரை குறித்திருந்தார். எட்டு அம்சங்களில் ஐந்தாவதை முடித்து ஆறாவதுக்கு வந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்க ஆபீஸ்ல லீவு சொல்லிட்டீங்கல்ல?"

சர்வேயர் பக்கத்தைப் புரட்டினார். ஆறாவது அம்சத்தில் அது இல்லை. ஏழிலும் எட்டிலும் இல்லை.

"லீவு இல்லம்மா" என்றார். "இன்னிக்குக் கேட்டேன். தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க."

"தீர்ந்துபோச்சா? நீங்கதான் லீவே போடலையே" என்றார் மனைவி.

"இடம் பார்க்கப் போனேன்ல."

"எந்த இடம்?"

அவர் சுவரைக் காட்டினார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவ்வளவு அபாரமான வரைபடத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரால் வரைய முடியும்? காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு அலுவலகம் போவதாகக் கிளம்பியவர், லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிக் குடாவுக்குப் போய் அளந்துவிட்டு, அலுவலகம் விடும் நேரத்துக்குச் சரியாக வீடு வந்திருக்கிறார்.

"எத்தனை தடவை போனீங்க?"

"பன்னெண்டு. நீர்மட்டம் நாளுக்கு நாள் மாறுது இல்ல? ஒரு தடவை பார்த்தா போதுமா?"

"பன்னெண்டு தடவையில ஒரு தடவையாவது கடல்ல கால நனைச்சீங்களா?" என்றார் நர்ஸ்.

"ஷூ போட்டிருந்தேன்" என்றார் சர்வேயர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. அவள் அழவில்லை. அப்பா கையிலிருந்த கோப்பை வாங்கி மூடி மேசைமேல் வைத்தாள். சர்வேயர் அவசரமாக, "டிசம்பர் லீவுக்கு வருவேல்ல, அப்பப் போகலாம். இதுல நாம செஞ்ச வேலை ஒண்ணும் வீணாகாது" என்றார்.

"டிசம்பர்ல பார்ப்போம்பா" என்றாள். "நாளைக்கு நாங்க போறோம்."

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் நாலு பேர் ஏறினோம். நூற்றுப் பன்னிரண்டில் எங்களுடன் வந்தவை ஏறக்குறைய இருபது. மண்வெட்டி வரவில்லை. தீப்பெட்டி வரவில்லை, அதற்கு நான்தான் பொறுப்பு, ஆனால் துணைப் பொறுப்பாளர் கொண்டுவருவார் என்று இருந்துவிட்டேன், அவர் நான் கொண்டுவருவேன் என்று இருந்துவிட்டார். தேநீர்க் கடையில் கேட்டோம், கொடுத்தார்கள். கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. நர்ஸ் மணலில் துண்டை விரித்துப் படுத்தவர், இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார். மருந்துக்கடைக்காரர் பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போய், சுருட்டியது வீண் என்று ஆகிற ஆழம்வரை நடந்தார்.

கைப்பேசி மணிக்கொரு தடவை அடித்தது. கயிற்றை எந்தப் பக்கம் கட்டினீர்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா, நாய்கள் எத்தனை. அலுவலகத்தில் அவர் அன்று யாருடைய நிலத்தை அளந்தாரோ, அந்த மனிதருக்கு ஓரிரு அடி கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையில் வெயில் இறங்கியபோது மறுபடி அடித்தது. மகள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து ஈரக் கையால் வாங்கிக்கொண்டு, திரும்பத் தண்ணீருக்குள் போய் நின்றாள். இம்முறை அவர் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"வெதுவெதுன்னு இருக்குப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ம், மணலும்தான். கால் வச்சா உள்ள போகுது" என்றாள். அப்புறம் நெடுநேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அவள் போனை வைக்கவும் இல்லை. கடைசியில், "நீங்க வந்திருக்கலாம்பா" என்றாள்.

ஞாயிறன்று அவள் ரயிலேறினாள். ரயில் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே சர்வேயர் அழைத்துப் போய்விட்டார். பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று நடைமேடையில் அளந்து வைத்திருந்தார், அதே இடத்தில் நின்றது. திங்கட்கிழமை குழுவின் பெயர் 'டிசம்பர் ஆயத்தக் குழு' என்று மாறியது. அதில் அவள் இல்லை. யாரும் நீக்கவில்லை, அவளே விலகியிருந்தாள். டிசம்பர் விடுமுறையில் விடுதித் தோழிகளோடு எங்கேயோ போவதாக அம்மாவிடம் சொன்னாளாம். எங்கே என்று கேட்டதற்கு, இன்னும் முடிவு பண்ணவில்லை, பஸ் ஸ்டாண்டில் போய் முடிவு பண்ணுவோம் என்றாளாம். சர்வேயரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நர்ஸ் என்னைக் கேட்டார். கீழே அவர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார், ஐந்து பேருக்கு.

நல்ல மனிதர்தான், ஆனாலும் இப்படியா என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரும் இப்படித்தான் என்று உங்கள் தம்பியையோ மேலாளரையோ நினைத்துக்கொண்டும் இருப்பீர்கள். நினையுங்கள். ஆனால் ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கடலுக்கோ மலைக்கோ போகலாமா என்று கேட்டிருக்கும், நீங்களும் போகலாமே என்று சொல்லியிருப்பீர்கள். அது கேட்டபோது அதற்கு என்ன வயது? இப்போது என்ன வயது? மனசுக்குள்ளேயே கழித்துப் பாருங்கள். அதற்கு ஒரு தாள் வேண்டும் என்று எழுந்திருக்கிறீர்கள் பாருங்கள், அப்படியே உட்காருங்கள்.