ஐந்தரை மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்கள் நலமில்லை என்பதைக் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

நம் பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அணைந்துபோகிறது, முன்பதிவு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொள்கிற உங்களைத்தான் திட்டுகிறார்கள், அணைத்தது உங்கள் பெயரில் நுழைந்த ஆள் என்று கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை விளக்கம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று மேனேஜர் மெமோ கொடுத்துவிட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு உங்கள் அக்கா அழுதாள். நான் அழவில்லை. இந்த விஷயம் எனக்கு இப்போது அத்துப்படி.

ஐம்பத்தாறு வயதில் என்னைக் கிளை அலுவலகக் கறுப்புத் திரை முன்னால் உட்காரவைத்து, "நீங்க இங்க டைப் அடிச்சா நூறு மைல் தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் கேக்கும் சார்" என்றார் கம்ப்யூட்டர் மெக்கானிக். படம் கிடம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. பாஸ்வேர்டு அடித்தால் அந்த எழுத்தும் தெரியவில்லை. கீபோர்டு போச்சு என்று இரண்டு முறை மாற்றவைத்தேன். மூன்றாவதை மாட்டிய பிறகுதான், "அது தெரியாது சார், தெரியவும் கூடாது" என்கிறார். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கென்று தனிப் பாஸ்வேர்டு வாங்கப் படிவம், கையெழுத்து என்று அலைய வேண்டாமென்று நீங்கள் உங்களுடையதையே கொடுத்தீர்களே, அதை உயிருள்ளவரை மறக்கமாட்டேன். இன்று கிளையில் என் வேகத்துக்கு ஆளில்லை. ஒழுங்கிலும் அப்படித்தான். மற்றவர்கள் பட்டென்று சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். நான் போன வாரம் மெக்கானிக்கின் புத்தகத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கும் கட்டளையைக் கற்றுக்கொண்டேன். தினமும் கிளம்புமுன் அதை அடித்து, தொடர்பு முடிந்தது என்று திரையில் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கிறேன்.

ஆகவே அனுபவஸ்தன் சொல்கிறேன், உங்கள் பாஸ்வேர்டை எவனோ வைத்துக்கொண்டு விளையாடுகிறான். மேனேஜருக்கு நானே எழுதிவிட்டேன்: "அந்த அயோக்கியனைப் பிடித்துப் போலீசில் கொடுங்கள், உறவுக்காரன் என்றாலும் விடாதீர்கள்." காலையில் தபாலில் சேர்த்தாயிற்று. நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

வீட்டில் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அதே நாற்காலியில் நீங்கள் நெடுநாள் உட்கார்ந்திருக்க வாழ்த்தும்,
உங்கள் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் மணி ஐந்தரை ஆகிவிட்டதால் வழக்கம்போல் கட்டளையை அடித்தேன். பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் அம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ சார், அது இந்தக் கம்ப்யூட்டர அணைக்காது! தலைமை ஆபீஸ்ல இருக்கிறதத்தான் அணைக்கும்!" என்று கத்தினார். மாப்பிள்ளை, மேலே நலம் விசாரித்ததைத் தவிர மீதி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் வருகிறேன். அந்த அயோக்கியன் நான்தான் என்று மேனேஜரிடம் நானே சொல்கிறேன். பாஸ்வேர்டு நீங்கள் கொடுத்ததல்ல, நான் எட்டிப் பார்த்தது என்றே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மட்டும் தெரியவேண்டாம். வந்த கையோடு அந்தக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு வாரமாக அணைத்திருக்கிறேன், இன்னும் முகத்தைப் பார்த்ததில்லை.