இனிப்பு தர மறுத்த பஸ்

நமக்குச் சர்க்கரை வியாதி என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும். நம் வாய்க்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்பதை அதன்பிறகு நம்மைத் தவிர எல்லோரும் முடிவு செய்வார்கள். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நம் தீவுகளின் வடகோடியிலுள்ள திக்லிபூர் போகிற பஸ்ஸில் அனுபவித்துச் சொல்கிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தெற்கே கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்த காலத்திலேயே தும்மினால் நிமோனியா என்று முடிவு கட்டுகிற ஆள். அப்படிப்பட்டவனிடம் போய், மாத்திரை போதாது, இனி இன்சுலின்தான் என்று டாக்டர் சொன்னால் என்ன ஆகும்? டாலிகஞ்ச் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் உயில் எழுதுவதைப் பற்றியே யோசித்தேன். (எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தபோது பயம் கொஞ்சம் தணிந்தது.)

டாக்டர் என்னை ஷீபா சிஸ்டரிடம் அனுப்பினார். சர்க்கரைக்காரர்களுக்குப் பாடம் எடுப்பதே அவருடைய வேலை. ஊசியை எங்கே குத்துவது, தட்டில் எவ்வளவு சோறு, பாதத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கவனிக்காமல் விட்டால் மயங்கி உயிருக்கே ஆபத்தாகும். அப்போது உடனே இனிப்பு சாப்பிட வேண்டும், அதற்காக எந்நேரமும் சட்டைப்பையில் மிட்டாய் இருக்க வேண்டும் என்றார். அடுத்த தடவை வரும்போது வீட்டுக்காரம்மாவையும் அழைத்து வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டினேன்.

செல்வராணியை நான் அழைத்துப் போகவே இல்லை. பயப்படுவதில் அவள் என்னையே மிஞ்சியவள். மயக்கம், உயிர் ஆபத்து என்றெல்லாம் காதில் விழுந்தால், என்னைக் கடைக்குக்கூடத் தனியாக விட மாட்டாள். ஆகவே இனிப்பு ஆகவே ஆகாது என்ற பாதிப் பாடத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதையும் கண்ணை உருட்டி, கையை ஆட்டிச் சொன்னேன். அன்றே சீனி டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டையில் மிட்டாய் அகப்பட்டதும் அழுதேவிட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதிலிருந்து என் பைகளைத் தடவிப் பார்க்காமல் வாசல் தாண்ட விடுவதில்லை.

திக்லிபூரில் அவள் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கும் அப்படித் தடவிப் பார்த்துத்தான் பஸ் ஏற்றினாள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அதற்கப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. கேட் திறந்ததும் போலீஸ் காவலோடு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது.

கேட் திறக்க நேரமிருக்கிறது என்றார் கண்டக்டர். நான் நல்ல மாணவன் அல்லவா? ஊசியைக் கச்சிதமாகப் போட்டுக்கொண்டு சப்பாத்திப் பையைத் தேடினேன். காணோம். பெட்டிகளோடு சேர்த்து அதையும் பின்பக்க டிக்கியில் போட்டுப் பூட்டச் சொன்ன புத்திசாலி நான்தான். பதறிப்போய் இறங்கப் பார்த்தேன். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. கண்டக்டர் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. கை நடுங்கியது. பயந்தாலும் எனக்கு வியர்க்கும், கை நடுங்கும். ஆகவே இது சர்க்கரை இறங்குவதா, அல்லது இறங்கிவிடுமோ என்ற பயமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். சிஸ்டரைக் கேட்கலாமென்றால் போனில் சிக்னல் இல்லை. இரண்டு பக்கமும் காடு. வெளியே பார்த்தால் மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இதோடு நான் தீர்ந்தேன் என்றே நினைத்தேன்.

"ராணி, எனக்கு உடனே ஏதாவது இனிப்பு வேணும்."

சாராயம் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இதுக்குத்தான் இந்த நடிப்பா? அண்ணன் வீட்டுக்குப் போற வழியிலயுமா?"

எதிர் வரிசையில் ஒரு வங்காளி அம்மா, மகளின் மாமியார் வீட்டுக்கென்று மடியில் ஒரு தூக்கு நிறைய ரசகுல்லா வைத்திருந்தார். கையை நீட்டினேன். அந்தப் புண்ணியவதி மூடியைத் திறந்தும்விட்டார். ராணி எழுந்து நின்றாள்.

"தீதி, மத் தோ. இன்கோ சுகர் ஹை."

கொடுக்காதீர்கள், இவருக்குச் சுகர் என்று பஸ் முழுக்கக் கேட்டது. மூடி மூடிக்கொண்டது. நம் தீவில் ஒரு பஸ்ஸில் எத்தனை ஊர்க்காரர்கள் உண்டோ அத்தனை பேரும் என்னைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். தெலுங்குக்காரர் ஒருவர் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார். ரிட்டையரான மலையாளி வாத்தியார் ஒரு பாட்டிலை நீட்டினார், வெந்தயத் தண்ணீர். இன்னொருவர் பாகற்காய் ஜூஸின் மகிமையை இந்தியில் விளக்கினார். சர்க்கரை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவனுக்கு, அதை இன்னும் இறக்குவதற்கு என்னென்ன உண்டோ எல்லாம் வந்து சேர்ந்தன.

எனக்குச் சொல்லத் தெரியாத கோபம் வந்தது. வாத்தியாரை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. நாக்கு குழறியதால் குடித்திருக்கிறான் என்று பின்சீட்டில் முடிவு செய்தார்கள். இனி கேட்டுப் பயனில்லை. பாய்ந்தேன். தூக்கைப் பிடுங்கி ஜீராவை அப்படியே வாயில் கவிழ்த்தேன். ராணி சட்டையைப் பிடித்து இழுத்தாள், கண்டக்டர் இடுப்பைப் பிடித்தார். பாதி வயிற்றுக்குள்ளும் பாதி சட்டையிலுமாக இறங்கியது. ரசகுல்லாக்கள் பஸ்ஸெல்லாம் உருண்டன.

கொஞ்ச நேரத்தில் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மனிதனானேன். மனிதனானதும் வெட்கம் வந்தது. பிசுபிசுத்த சட்டையோடு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காடு முடிந்து, ஃபெர்ரி பிடிக்கும் படகுத்துறையில் எல்லோரும் இறங்கினார்கள். சிக்னல் கிடைத்ததும் ஷீபா சிஸ்டரை அழைத்து, போனை ராணியிடம் கொடுத்தேன். என் மேல் புகார் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் முதலில் சப்பாத்தியைச் சாப்பிட வேண்டும் என்று சிஸ்டர் சொன்னாராம். டிக்கியிலிருந்து பையை எடுத்து வந்து, ஒரு துண்டைப் பிட்டு என் வாயில் வைத்தாள்.

"இதையெல்லாம் ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ பயப்படுவேன்னுதான்."

"என் கையாலயே உங்கள கொன்னிருப்பேனே. அத நெனச்சு இனி சாகுற வரைக்கும் பயப்படணுமே நான்" என்று படகுத்துறையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைப் பயத்திலிருந்து காப்பாற்றியதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெந்தய வாத்தியார் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த வகுப்பில் ராணி முன்வரிசை. அவள் கேட்ட கேள்விகளில் சிஸ்டர் என்னை மறந்தேபோனார். சர்க்கரை இறங்கினால் காரணமில்லாமல் கோபம் வரும் என்று சிஸ்டர் சொன்னதைத்தான் அவள் எல்லாவற்றையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் நான் வீட்டில் நிம்மதியாகக் கோபப்பட முடிவதில்லை. குரலை உயர்த்தினால், "இருங்க, இருங்க" என்று மீட்டரோடு வந்து விரலில் குத்துவாள். பாதி வாக்கியத்தில் விரலை நீட்டிக்கொண்டு நான் காத்திருக்க வேண்டும். கடல் தாண்டி மெயின்லேண்டில் படிக்கும் மகள் போனில் இதைக் கேட்டால், "அப்பாவுக்கு சுகர் கோவமாம்மா, சொந்தக் கோவமாம்மா?" என்பாள்.

ராணி மீட்டரைப் பார்ப்பாள்.

"சுகர் நல்லாத்தான் இருக்கு. இது அவரு சொந்தக் கோவம்."

அதற்கு ஷீபா சிஸ்டரிடமும் மருந்து கிடையாதாம். கேட்டுவிட்டாள்.